கீழ்பென்னாத்தூரில் பூட்டீன்: வந்தவாசிப் போர் முதல் இட்லிப் பானை வரை

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குப் போகும் பேருந்துகள் கீழ்பென்னாத்தூரைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன. பேரூராட்சி, தாலுகா, சட்டமன்றத் தொகுதி என்று மூன்று தகுதிகள் இந்த ஊருக்கு உண்டு. சாயங்காலம் ஆனால் பரோட்டாக் கல் சூடேறும். சூப் வண்டி வந்து நிற்கும். பூட்டீன் மட்டும் கிடைக்காது. இந்தப் பெருங்குறை பற்றி அறிஞர் உலகம் இதுவரை கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பூட்டீன் கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பண்டம். எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகள், அவற்றின் மேல் அன்று காலை பிடித்த சீஸ் கட்டிகள், அதற்கும் மேல் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய பழுப்புக் குழம்பு. மாண்ட்ரியால் நகரத்தார் இத்தோடு நிறுத்துவதில்லை. நாள்கணக்கில் உப்பில் ஊறி, புகையில் காய்ந்து, ஆவியில் மெத்தென்று வெந்த மாட்டு மார்க்கண்டத்தை அரிந்து உச்சியில் குவிப்பார்கள். மத்தியானம் ஒரு தட்டு சாப்பிட்டவருக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டியிருக்காது என்பதில் எந்த அறிஞருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இவ்வாய்வின் முதற் கருதுகோள் இது: பூட்டீன் கீழ்பென்னாத்தூருக்கு வந்து சேராததற்குக் காரணம் 1760 ஜனவரி 22.

சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, யாராலும் பிடிக்க முடியாது என்று பேர் வாங்கிய செஞ்சிக் கோட்டையை ஒரே இரவில் பிடித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து கிழக்கே பேருந்து ஏறினால் அடுத்த பெரிய ஊர் செஞ்சிதான். ஆக, பிரெஞ்சுக் கொடி கூப்பிடு தூரத்தில் பறந்த பத்தாண்டுகள் இந்த வட்டாரத்துக்கு உண்டு. அதே பத்தாண்டுகளில் கியூபெக்கும் மாண்ட்ரியாலும் அதே பதினைந்தாம் லூயி ராஜாவுக்குத்தான் கப்பம் கட்டிக்கொண்டிருந்தன. பிறகு ஏழாண்டுப் போர் வந்தது. 1759 செப்டம்பரில் கியூபெக் நகரம் போயிற்று. நான்கு மாதம் கழித்து, இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் வந்தவாசியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். செஞ்சியைப் பிடித்த புஸ்ஸியும் கைதானார். 1760 செப்டம்பர் 8இல் மாண்ட்ரியால் சரணடைந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி, ஏப்ரலில் செஞ்சி. இரண்டு கண்டங்களிலும் ஒரே கணக்குப்பிள்ளை ஒரே பேரேட்டில் பற்று எழுதிக்கொண்டே போனதுபோல இருக்கிறது.

1763இல் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரான்ஸ் கனடாவைக் கைகழுவியது. புதுச்சேரியைத் திரும்பக் கேட்டு வாங்கியது. ஆனால் 1749ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எவை எவை கையில் இருந்தனவோ அவை மட்டுமே இந்தியாவில் திரும்பக் கிடைக்கும் என்பது ஷரத்து. செஞ்சி பிடிபட்டது 1750இல். புஸ்ஸி இரண்டு வருஷம் முந்திக்கொண்டிருந்தால் கீழ்பென்னாத்தூர் எல்லையில் சுங்கச்சாவடியும் அதன் பக்கத்தில் பூட்டீன் கடையும் இருந்திருக்கும்.

நேர்மையான ஆய்வு எதிர்ச்சான்றையும் மறைக்கக் கூடாது. 1954 வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரியிலேயே பூட்டீன் பிறக்கவில்லை. கியூபெக்கில் அது பிறந்தபோது பிரெஞ்சு ஆட்சி போய் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கருதுகோளுக்கு இது சற்றே பின்னடைவுதான். இருந்தாலும் இவ்வளவு அழகான தேதிகளை வீணாக்க எந்த ஆய்வாளருக்கும் மனம் வராது.

பூட்டீனின் பிறப்பு வழக்கு இன்னும் தீரவில்லை. வார்விக் என்ற சிற்றூரில் ஃபெர்னாண்ட் லாஷான்ஸ் நடத்திய உணவகத்தில், 1957இல், வாடிக்கையாளர் ஒருவர் வறுவலையும் சீஸ் கட்டியையும் ஒரே பொட்டலத்தில் போட்டுத் தரச் சொன்னார் என்பது ஒரு கட்சி. அதில் குழம்பு இல்லையே, குழம்பில்லாதது எப்படிப் பூட்டீனாகும் என்பது டிரம்மண்ட்வில் கட்சி. அங்கே ழான்-போல் ருவா என்பவர் 1964இல் மூன்றையும் ஒரே தட்டில் சேர்த்தார்; அவருடைய 'ல ருவா ஜூசெப்' உணவகம் பூட்டீனைக் கண்டுபிடித்தவர் தாங்களே என்று வணிகச் சின்னமே பதிவு செய்துவைத்திருக்கிறது. ஆம்பூர் பிரியாணியா வாணியம்பாடி பிரியாணியா என்று வாழ்நாளெல்லாம் வாதாடும் வடாற்காட்டுக்காரர்களுக்கு இந்த வழக்கின் சுவாரசியத்தை விளக்க வேண்டியதில்லை. குழம்பு இல்லாத தட்டு பரோட்டாக் கடையிலேயே செல்லாது. ஆகவே இவ்வாய்வு டிரம்மண்ட்வில் பக்கம் சாய்கிறது.

உச்சியில் இருக்கும் கறிக்கு வேறு குலமரபு. துருக்கியர்களின் பாஸ்துர்மா ருமேனியாவுக்குப் போய் பாஸ்திராமா ஆயிற்று. ருமேனிய யூதர்கள் அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோனபோது பஸ்ட்ராமி. மாண்ட்ரியாலில் அதன் உறவுக்காரனுக்கு 'ஸ்மோக்ட் மீட்' என்று பெயர். ருமேனியாவிலிருந்து வந்த ரூபன் ஷ்வார்ட்ஸ் 1928இல் சாங்-லோரான் சாலையில் தொடங்கிய கடைக்கு முன்னால் இன்றும் வரிசை நிற்கிறது. அங்கே கொழுப்பின் அளவைச் சொல்லித்தான் கறி கேட்பார்கள். தெரிந்தவர்கள் நடுத்தரம் கேட்பார்கள். மருத்துவர் பேச்சைக் கேட்பவர்கள் கொழுப்பு குறைந்ததைக் கேட்டுவிட்டு வருந்துவார்கள்.

அந்தக் கறிக்குத் தடவும் மசாலாவைப் பார்த்தால் கீழ்பென்னாத்தூர் அஞ்சறைப்பெட்டி தன் சொந்தக்காரனைக் கண்ட மாதிரி நெகிழும்: தனியா, மிளகு, கடுகு, பூண்டு, உப்பு. கொரகொரப்பாக இடித்துக் கறி முழுக்கத் தேய்க்க வேண்டும். மஞ்சள் தூளை மட்டும் கை தானாக எடுக்கும்; எடுக்கக் கூடாது. கறியின் இளஞ்சிவப்பு நிறம் நைட்ரைட் கலந்த பதப்படுத்தும் உப்பிலிருந்து வருகிறது. நிறத்துக்காக மட்டும் அதைப் போடுவதில்லை. பொட்டுலினம் என்ற நச்சுக் கிருமியைத் தடுப்பதும் அதுதான். நூற்றுக்கு ஆறேகால் பங்கு நைட்ரைட் உள்ள கலவையானால் ஒரு கிலோ கறிக்கு இரண்டரை கிராம் போதும். இதில் மட்டும் கண்ணளவு, கையளவு எல்லாம் உதவாது; தராசு வேண்டும்.

நைட்ரைட் வருவதற்கு முன்னால் உலகமெங்கும் இந்த வேலையைச் செய்தது வெடியுப்பு. இந்த இடத்தில் முதற் கருதுகோள் மறுபடி உயிர்பெறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் உலகத்தின் சிறந்த வெடியுப்பு பீகாரில் எடுத்தது. 1757இல் பிளாசியில் வென்ற பிறகு அந்த வியாபாரம் ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. வந்தவாசிப் போரின் நடுவே ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டு விழுந்து பிரெஞ்சுக்காரர்களின் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறியது. அந்தக் குழப்பத்தில்தான் அவர்களின் அணி குலைந்தது. வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. அந்த ஒரு வண்டிச் சரக்கைக் கொண்டு இந்த மாவட்டத்து ஆடுமாடு அத்தனையையும் பதப்படுத்தியிருக்கலாம். அதற்காக இன்று யாரும் பட்டாசுக் கடைக்குப் போய்க் கறிக்கு உப்பு கேட்க வேண்டாம்.

மாட்டுக்கறி கிடைக்காதவர்கள், வேண்டாதவர்கள் ஆட்டு மார்க்கண்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கறிக்கடைக்காரரிடம் எலும்பைக் கழற்றித் தரச் சொன்னால் ஏற இறங்கப் பார்ப்பார், தருவார். மெல்லிய கறி என்பதால் நான்கைந்து நாள் ஊறினால் போதும். நமக்குத்தான் உப்புக்கண்டம் இருக்கிறதே, அதைத் தூவினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. உப்புக்கண்டம் வெயிலின் பிள்ளை. மாதக்கணக்கில் கெடாது, எண்ணெயில் பொரித்தால் நொறுங்கும். பூட்டீனுக்கு வேண்டியது முள்கரண்டி பட்டால் பிரிகிற கறி.

மாட்டுக்கறியோ உப்பில் பத்து நாள் ஊற வேண்டும். பத்து நாள் என்பது மாண்ட்ரியாலில் ஒரு எண். கீழ்பென்னாத்தூரில் அது பஞ்சாங்கச் சிக்கல். வெள்ளி, சனி கவுச்சி ஆகாது. சாய்பாபா பக்தர்கள் வீட்டில் வியாழனும் போயிற்று. பௌர்ணமி கிரிவலம், அமாவாசை, பிரதோஷம், கிருத்திகை தனிக் கணக்கு. புரட்டாசியைத் தொடவே வேண்டாம். கார்த்திகையில் பாதி வீட்டில் மாலை போட்டிருப்பார்கள். கறி புகைந்து தட்டுக்கு வர வேண்டிய நாளோ ஞாயிற்றுக்கிழமை. இந்தச் சமன்பாட்டைத் தீர்க்க ஒரே வழி: வளர்பிறை துவிதியையில் உப்பு தடவித் துவாதசியில் எடுப்பது. அமாவாசை தாண்டிவிடும், பிரதோஷத்துக்கு ஒரு நாள் இருக்கும். நடுவில் சஷ்டியும் ஏகாதசியும் வருமே என்றால், விரதம் சாப்பிடுகிறவருக்கா, குளிர்பெட்டியில் படுத்திருக்கும் கறிக்கா என்பதைத் தர்மசாத்திர வல்லுநர்களுக்கே விட்டுவிடலாம். துவாதசி ஞாயிற்றுக்கிழமையில் விழ வேண்டும் என்பதால் வருஷத்துக்கு இரண்டு மூன்று வாய்ப்புக்கு மேல் அமையாது.

குளிர்பெட்டி வேறொரு களம். அங்கே மேல்தட்டு பூவுக்கு, நடுத்தட்டு இட்லி மாவுக்கு என்று பட்டா போட்டாயிற்று.

"ஏன்டா, பூ வெக்கிற எடத்துல இன்னாத்த வெச்சிருக்க?"

"கறிம்மா. பத்து நாள் ஊறணும்."

"பத்து நாளா? இன்னாத்துக்கு, அது பொண்ணு பாக்கவா போவுது?"

இந்த உரையாடலுக்குப் பிறகு பெரும்பாலான பூட்டீன் முயற்சிகள் அன்றே கோழிக்குழம்பாக முடியும் என்பது துணிபு. காய்கறிப் பெட்டியின் அடியில், மூடி இறுகிய டப்பாவில் வைப்பது நல்லது.

புகைக்கு மாண்ட்ரியாலிலிருந்து மேப்பிள் கட்டை வரவழைக்க வேண்டாம். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் வேலிகாத்தான் மண்டிக் கிடக்கிறது. சீமைக்கருவேலம் என்று ஊரே திட்டுகிற, 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் வேரோடு அகற்றச் சொன்ன இந்த மரம், டெக்சாஸ்காரர்கள் கறி சுட உயிரை விடும் மெஸ்கீட் மரத்துக்குப் பங்காளி. இரண்டும் ஒரே பேரினம். காய்ந்த கட்டையாக, கொஞ்சமாக எரிக்க வேண்டும். பச்சைக் கட்டையின் புகை கறியைக் கசக்க வைக்கும். மூடி போட்ட பழைய தகர டிரம், ஒரு ஓரம் தணல், மறு ஓரம் கம்பிமேல் கறி. வெப்பம் 110 முதல் 120 டிகிரிக்குள் நான்கைந்து மணிநேரம். நடுவே ஒரு கை மல்லாட்டைத் தோல் போட்டால் புகை அடர்த்தியாக வரும். தெருவே வந்து என்ன என்று கேட்கும். கொசுவுக்குப் புகை போடுவதாகச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

இதற்கு அடுத்த கட்டத்தில்தான் தமிழ் அடுக்களை மாண்ட்ரியாலை முந்துகிறது. புகையில் முக்கால் வேக்காடு ஆன கறியை மூன்று மணிநேரம் ஆவியில் வைத்துத்தான் மெத்தென்று ஆக்குகிறார்கள். அங்கே அதற்கென்று தனி ஆவிப்பெட்டி வாங்குகிறார்கள். இங்கே இட்லிப் பானை இருக்கிறது. தட்டின் குழிகளில் கறி சரியாக உட்காராது. புட்டுக்கு வைக்கிற சப்பைத் தட்டைப் போட வேண்டும். அடியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். நாரின் குறுக்கே கத்தி போட்டு அரிய வேண்டும். நாரின் போக்கில் அரிந்தால் பத்து நாள் தவமும் பல்லில் சிக்கிக்கொள்ளும்.

உருளைக்கிழங்கில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. 1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் பயிரிடச் செய்ததிலிருந்து அது தமிழ்க் காய்தான். குளிர்க்கிடங்கில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும்; பொரித்தால் உள்ளே வேகுமுன் வெளியே கறுக்கும். அதனால் புதுக் கிழங்கு. விரல் பருமனுக்கு அரிந்து, தண்ணீரில் அலசி, துணியில் துடைத்து, இரண்டு முறை பொரிக்க வேண்டும்: முதலில் 150 டிகிரியில் வேகும்வரை, ஆறியபின் 185இல் சிவக்கும்வரை. அலுப்புப்படுகிறவர்கள் மெக்கெயின் பொட்டலம் வாங்கலாம். அதுவும் கனடாக் கம்பெனிதான், வார்விக் கட்சி சொல்லும் அதே 1957இல் தொடங்கியது.

எண்ணெயில் ஊர்ப் பெருமை குறுக்கே நிற்கும். சொந்தக் கொல்லையில் விளைந்த மல்லாட்டையைச் செக்கில் ஆட்டி வைத்திருப்பவர் பாக்கெட் எண்ணெயைத் தொடமாட்டார். செக்கெண்ணெய் 160 டிகிரியைத் தாண்டும்போதே புகையத் தொடங்கும். முதல் பொரிப்புக்குத் தாராளமாகப் போதும், இரண்டாவதுக்குத் தாங்காது. அங்கே 230 வரை தாங்கும் சுத்திகரித்த கடலை எண்ணெயை வெட்கப்படாமல் ஊற்ற வேண்டும்.

குழம்புக்குச் சால்னா என்று சொல்லத் துடிக்கும் நாக்குகளை இவ்வாய்வு எதிர்பார்த்தே இருக்கிறது. பிய்த்துப் போட்ட பரோட்டா மேல் சால்னா ஊற்றுவதும் பூட்டீனும் அமைப்பில் ஒன்றுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் சால்னாவின் பட்டை, சோம்பு, தேங்காய் எல்லாம் சேர்ந்து சீஸைக் கொன்றுவிடும். கியூபெக்கில் வீட்டுச் சமையலுக்கு சென்-உபேர் என்ற கோழிக்கடை நிறுவனத்தின் டப்பாக் குழம்பு கிடைக்கிறது. அதன் சுவை எலும்புச்சாறு, மிளகு, லேசான புளிப்பு, அவ்வளவே. கீழ்பென்னாத்தூரில் அதற்கு நேர் சமம் சாயங்கால வண்டியில் கிடைக்கும் ஆட்டுக்கால் சூப். முன்கூட்டியே தூக்குப்போசியில் வாங்கிவந்து, கொத்தமல்லித்தழையை வடித்துவிட்டு, பாதியாகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். வெண்ணெயில் மைதாவைப் பழுப்பாக வறுத்து அதில் கரைத்து, ஒரு சொட்டு வினிகர். கரண்டியின் முதுகில் படிந்து நிற்கிற பதம். ஆட்டுக்காலின் பசைச்சத்து தரும் வழுவழுப்பு டப்பாவில் கிடைக்காது.

இனி சீஸ். வேறு எதிலும் தோற்காத கீழ்பென்னாத்தூர் இதில்தான் தோற்கிறது.

கியூபெக்கின் சீஸ் கட்டியைக் கடித்தால் கீச்சென்று சத்தம் போடும். சத்தம் வராத கட்டியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துச் சண்டை போடும் உரிமை அங்கே எல்லாருக்கும் உண்டு. பாலின் கேசின் புரதம் சுண்ணாம்புச்சத்தால் பிணைந்து நீண்ட வலையாக நிற்கிறது. அது பல்லில் உராயும்போது வருகிற ஒலி அது. நேரம் ஆக ஆகக் கட்டிக்குள் ஊறும் புளிப்பு அந்தப் பிணைப்பைக் கரைக்கிறது. ஓரிரு நாளில் சத்தம் போய்விடும். அப்புறம் அது சாதாரணச் சீஸ். அதனால்தான் கியூபெக் கடைகளில் அன்றைய கட்டியைக் குளிர்பெட்டிக்கு வெளியே, கல்லாப்பெட்டி ஓரத்திலேயே வைத்து விற்கிறார்கள். தமிழர்களில் இந்தக் கீச்சை அன்றாடம் கேட்கக்கூடியவர்கள் மாண்ட்ரியாலின் கோட்-டெ-நேஜ், பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதிகளில் வாழும் ஈழத்தமிழர்கள். அவர்களிடம் தபாலில் அனுப்பச் சொல்லிப் பயனில்லை. விமானம் சென்னையில் இறங்குமுன் கட்டி ஊமையாகியிருக்கும்.

பன்னீர் உதவாது. அது கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து திரித்தது. சூட்டில் இளகாது, சும்மா உட்கார்ந்திருக்கும். பீட்சா சீஸ் நூல் நூலாக இழுக்கும். அமுல் க்யூப் குழம்போடு கலந்து காணாமல் போகும். சீஸ் கட்டிக்குப் பால் உறைய வேண்டியது புளிப்பால் அல்ல, ரென்னெட் என்ற நொதியால். பழைய நாளில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். இப்போது நுண்ணுயிர்களிலிருந்து எடுத்த சைவ ரென்னெட் கிடைக்கிறது. அத்திப்பாலும் உறைய வைக்கும், கசப்போடு. தயிர், மோர், வெண்ணெய், நெய் என்று பாலை நாலு விதமாக ஆண்ட தமிழ் வீடு இந்த ஐந்தாவது வழிக்குப் போகவே இல்லை. தானாகக் கெட்டியாகும் பால் என்று நமக்குத் தெரிந்தது சீம்பால் ஒன்றுதான். அதற்கு மாடு கன்று போடும்வரை காத்திருக்க வேண்டும்.

பெரிய எதிரி நம் வீட்டு நல்ல பழக்கமே. பால் வந்ததும் பொங்கக் காய்ச்சிவிடுவோம். காய்ச்சிய பாலில் மோர்ப்புரதம் சூட்டில் சிதைந்து கேசினோடு ஒட்டிக்கொள்ளும். ரென்னெட் அதன்பின் எவ்வளவு முயன்றாலும் கொழகொழவென்றுதான் உறையும். ஆகவே விடியற்காலையில் பால் சொசைட்டிக்குப் போய், கறந்த பசும்பால் ஐந்து லிட்டர் வாங்கி, 63 டிகிரியில் அரைமணி நேரம் மட்டும் வைத்து ஆற்ற வேண்டும். அடுப்பைப் பெரிதாக்க வரும் கைகளைத் தடுக்க ஒரு ஆள் தனியாக வேண்டும். பிறகு இரண்டு கரண்டி மோர், அரைமணி கழித்து ரென்னெட். உறைவதற்கு உகந்த சூடு 32 டிகிரி. கியூபெக்கில் அதற்காகத் தொட்டியைச் சூடேற்றுகிறார்கள். இந்த ஊரில் சித்திரை மாதம் பாத்திரத்தைக் கூடத்தில் வைத்தால் போதும், கொஞ்சம் விசிறிவிட வேண்டியும் வரலாம்.

முக்கால் மணியில் உறைந்ததைக் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டி, 38 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றிக் கிளற வேண்டும். நீரை வடித்து, கட்டியைப் பலகைபோல் அடுக்கிக் கால்மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட்டால் இரண்டு மணிநேரத்தில் கோழி மார்புக்கறி மாதிரி நார் நாராகப் பிரியும். பிய்த்து உப்பு தூவ வேண்டும். ஐந்து லிட்டரில் அரைக் கிலோ தேறும். கடித்துப் பார்க்கவென்று வருகிற பிள்ளைகளுக்குப் போக முந்நூறு கிராம் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

இதற்கெல்லாம் ரெண்டு பரோட்டா வாங்கியிருக்கலாமே என்ற கேள்வி வாய்மொழித் தேர்வில் நிச்சயம் வரும். வாங்கியிருக்கலாம். ஆனால் பரோட்டா சத்தம் போடுவது கல்லில்தான், வாயில் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை நேரக் கணக்கு மட்டும் பாக்கி. காலை ஐந்தரைக்குப் பால் வந்தால் கட்டி பதினொன்றரைக்கு ஆகும். கறியை முதல் நாளே புகைத்துவிடலாம் என்றால் அது சனிக்கிழமை. ஆகையால் விடிகாலை நாலரைக்கு டிரம்மைப் பற்றவைத்து, ஒன்பதரைக்கு இட்லிப் பானைக்கு மாற்ற வேண்டும். கிழங்கின் இரண்டாம் பொரிப்பு பன்னிரண்டேகாலுக்கு. சூடான கிழங்கு, அறைச் சூட்டில் இருக்கும் கட்டி, அதன் மேல் கொதிக்கும் குழம்பு, கடைசியில் கறி. இந்த வரிசை மாறக் கூடாது. கட்டி ஓரத்தில் இளகி நடுவில் கெட்டியாக நிற்பது பத்து நிமிஷம். அதற்குள் கிழங்கும் குழம்பில் ஊறத் தொடங்கிவிடும். ஒரு மணிக்கு உட்கார்ந்தவர்களுக்குப் பூட்டீன். ஒன்றரைக்கு செஞ்சி பஸ்ஸில் வந்து இறங்கும் மாமாவுக்கு முந்தின ராத்திரி வைத்த புளிக்குழம்பும் சோறும்.